வாசலில் நிற்காதே

பர்கூர்,
வைகாசி மாதம்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகிறது. தெருவெல்லாம் அந்த மணம்தான்.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னோடு வேலை செய்யும் வியட்நாம் பெண் மெல்போர்னில் அவர்களுடைய பௌத்தக் கோயிலுக்கு உன்னை அழைத்துப் போனாள். நீ செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றுவிட்டாய். ‘அது அவர்கள் கோயில், அப்பா. எனக்கு அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்டாய்.

1975இல் போர் முடிந்த பிறகு ஊரையும் உறவையும் விட்டுப் படகேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எழுப்பிய கோயில்கள் அவை. பிழைக்கப் போன இடத்தில் அப்படி ஒன்றை எழுப்பியவர்கள் நம் வீட்டிலும் உண்டு, கண்ணு. இத்தனை வருடம் உன்னிடம் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

என் தாத்தா பதினாறு வயதில் இந்த ஊரை விட்டுக் கிளம்பினார். அப்போது கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில் இருந்தது. இங்கே பண்ணை வேலை. கூலி வாங்கக்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டி நிற்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், மைசூர் சமஸ்தானத்தில், வெள்ளைக்காரக் கம்பெனி தங்கம் வெட்டிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் நம் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. குழியில் இறங்கியவன் குடியிருந்ததோ மூங்கில் தட்டி வீடு.

நம் மக்களின் தலைவர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பிரம்மஞான சபையின் அமெரிக்கத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குச் சென்று, பஞ்சசீலம் என்னும் ஐந்து உறுதிமொழிகளைச் சொல்லிப் பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். நாம் இழிந்தவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர், பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விடாமல் நின்றதாலேயே தாழ்த்தப்பட்டோம் என்பது அவர் வாதம். 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழையும் தொடங்கினார். அது தங்கவயலுக்கு வரும் நாளில், ஷிப்டு முடிந்தவர்கள் குளித்துவிட்டு லாந்தர் விளக்கைச் சுற்றி உட்காருவார்களாம். எழுத்துத் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படிப்பார். தாத்தா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டார். நம் குடும்பத்தில் முதலில் எழுத்தறிந்தவர் அவர். உன் படிப்பு அந்த லாந்தர் வெளிச்சத்தில் தொடங்கியது என்றே நான் நம்புகிறேன்.

அவர்கள் லயனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், சங்கம் என்று முதலில் இருந்தது ஒரு முக்காலியும் அதன்மேல் புத்தர் படமும்தான். சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். சுரங்கத்தில் பாறை வெடித்து ஒருவர் இறந்துபோனால், அந்தப் பணம் அவர் வீட்டுக்குப் போய்விடும், கட்டடம் காத்திருக்கும். பிறகு சுவர் எழும்பியது, கூரை வந்தது. தாத்தா, ஆயா திருமணம் புரோகிதர் இல்லாமல் பஞ்சசீலம் சொல்லி நடந்தது.

தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தமிழர்கள் கூலிக்குப் போன ஊர்களிலும் அது வேர்விட்டது. 1914இல் பண்டிதர் மறைந்தார். இதழும் பிறகு நின்றுபோனது. அதை 1926இல் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார் பண்டிதர் வழிவந்த அப்பாதுரையார். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் ஏற்றதை நீ பள்ளியில் படித்திருக்கிறாய். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் சுரங்கத் தொழிலாளிகள் புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடையும் திரிசரணம் சொன்னதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஆயா என்னை அங்கே அழைத்துப் போனார். குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, மாரிக்குப்பத்தில் இறங்கினோம். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், சயனைடு மேடுகள் என்பார்கள், சாம்பல் நிறத்தில் மலைபோல் நின்றது. காற்றடித்தால் அந்தத் தூள் பல்லில் நறநறவென்றது. தாத்தா அப்போது குழிக்குப் போவதை விட்டிருந்தார். பத்து அடி நடந்தால் நின்று இருமுவார். மாலையில் சங்கத்துக்குப் போனோம். உள்ளே பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பழக்கத்தில் நான் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டேன். தாத்தா திரும்பிப் பார்த்தார். இருமல் அடங்கும்வரை என் தலைமேல் கையை வைத்திருந்துவிட்டுச் சொன்னார்: “உள்ளே போய் முன்னால் உட்கார். இங்கே உன்னை எழுந்திரு என்று சொல்ல ஒருவரும் இல்லை.”

அந்தக் கை இன்னும் என் தலைமேல் இருக்கிறது.

சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். இப்போது தங்கவயல் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

வைகாசிப் பௌர்ணமி வருகிறது. விடுப்புக் கிடைத்தால் அந்தப் பெண்ணோடு மறுபடி போ. போகும்போது பூ வாங்கிக்கொள். உள்ளே போய் உட்கார். அந்தக் கோயிலை முதலில் எங்கே, எத்தனை பேர் சேர்ந்து தொடங்கினார்கள் என்று அங்குள்ள வயதானவர்களிடம் கேள். அவர்கள் சொல்வதை எனக்கு விரிவாக எழுது. நம் தாத்தாவின் முக்காலியைப் பற்றியும் அவர்களிடம் சொல்.

அன்புடன்,
அப்பா