நாத்தனார் நீட்டிய ஐடி ஃபாரம்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆள் சேர்த்துப் பொருள் விற்று கமிஷன் வாங்கும் நேரடி விற்பனைக் கம்பெனி ஒன்றில் உன் நாத்தனார் சேர்ந்திருக்கிறார். அவர் வைத்துவிட்டுப் போன புரோட்டீன் டப்பாவும் பாத்திரம் கழுவும் லிக்விடும் உன்னையும் உறுப்பினராகச் சேர்க்கும் அந்த ஐடி ஃபாரமும் உன்னைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. வாங்கினால் காசு போகும், வாங்காவிட்டால் உறவு கசக்கும் என்று எழுதியிருந்தாய். கசக்காமல் செய்ய வழி இருக்கிறது. அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அவர் உன்னிடம் கேட்டது இரண்டு விஷயம். "இந்தப் பொருளை வாங்கிக்கோ" என்பது ஒன்று. "ஒரு ஐடி போட்டுக்கோ, மாசாமாசம் வாங்கினா உனக்கே வருமானம்" என்பது இன்னொன்று. கம்பெனி மீட்டிங்கில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். விலை அதிகமாச்சே என்று கேட்டால் "கமிஷன் வருதே" என்பார்கள். கமிஷன் எப்படி வரும் என்று கேட்டால் "பொருள் அவ்வளவு தரம்" என்பார்கள். நீ இரண்டையும் தனித்தனியாக எடை போடு. பொருளைப் பார்க்கும்போது கமிஷனை மறந்துவிடு.

முதலில் அந்த லிக்விட். இந்தக் கம்பெனிகளின் பொருள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சோப்பு வகைகளில் சில நிஜமாகவே கெட்டியாக வரும், கொஞ்சம் ஊற்றினால் போதும். ஆனால் பாட்டில் விலையை மட்டும் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க வேண்டும். பாட்டிலைத் திறக்கும் அன்றைக்கு மார்க்கரால் அதன் மேலேயே தேதி எழுது, தீரும் அன்றைக்கும் எழுது. கடையில் வாங்கும் லிக்விடுக்கும் இதே மாதிரி செய். ஒரு உதாரணம்: 450 ரூபாய் பாட்டில் 50 நாள் வந்தால் நாளைக்கு 9 ரூபாய். 120 ரூபாய்க்குக் கடையில் வாங்கியது 20 நாள் வந்தால் நாளைக்கு 6 ரூபாய். பார்த்த மாத்திரத்தில் நாலு மடங்காகத் தெரிந்த விலை, புழக்கத்தில் ஒன்றரை மடங்கில் வந்து நிற்கிறது. அந்த 3 ரூபாய்க்குக் கை எரியாமல் இருக்கிறது, வாசனை பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்கு.

லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பழக்கதோஷத்தில் ஸ்பாஞ்சில் நேராக ஊற்றினால் பாட்டில் பத்து நாளில் காலி. கலந்ததை வாரக்கணக்கில் வைக்காதே. தண்ணீர் சேர்ந்ததும் கெடாமல் காக்கும் மருந்தின் வீரியமும் குறைந்துவிடும், அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதே, வீட்டில் குழந்தை இருக்கிறது.

புரோட்டீன் டப்பா வேறு கதை. டப்பாவைத் திருப்பி, சத்து அட்டவணையில் 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று பார். 80 என்று இருந்தால் 500 கிராம் டப்பாவில் மொத்தம் 400 கிராம் புரதம். டப்பா 2,400 ரூபாய் என்றால் ஒரு கிராம் புரதத்துக்கு 6 ரூபாய். 10 கிராம் ஸ்கூப் ஒன்றில் 8 கிராம் புரதம், விலை 48 ரூபாய். இப்போது உன் அடுப்படிக்கு வா. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை 7 ரூபாய் என்று வைத்தால் கிராம் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மீல் மேக்கரில் 100 கிராமுக்குப் பாதிக்குப் பாதி புரதம்தான். 100 கிராம் 25, 30 ரூபாய் என்றாலும் கிராம் 60 பைசாவைத் தாண்டாது. பொட்டுக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராம் வரை கிடைக்கும். உன் ஊர் விலையைப் போட்டு நீயே ஒருமுறை கணக்குப் பார்.

மெல்ல முடியாத வயதானவர், ஆபரேஷன் முடிந்து சாப்பாடு இறங்காதவர் மாதிரியானவர்களுக்குப் பவுடர் உதவும். அப்போதும் டாக்டர் சொல்லும் அளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. சேர்மானப் பட்டியலையும் படி. எது அதிகமோ அது முதலில் வரும்படி எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இடங்களில் சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் நீ புரத விலைக்கு மாவுச்சத்து வாங்குகிறாய் என்று அர்த்தம்.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் இருக்கும். அதைக் காட்டி "கவர்ன்மென்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கினது" என்று சொல்லியிருப்பார்கள். அது உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிம எண். சர்க்கரை குறையும், முட்டி வலி போகும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்கும் டப்பாவில் மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்த வரியைத் தேடிப் பார். வாய்வழியாகச் சொல்வது ஒன்று, டப்பாவில் அச்சடித்திருப்பது இன்னொன்று என்பது அங்கேயே தெரிந்துவிடும். சர்க்கரை நோய், புற்றுநோய் உட்படப் பல நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதனால்தான் கம்பெனி அதை அச்சில் போடாது, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் மட்டும் வரும்.

உன் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை ஓடுகிறது. இந்தக் கம்பெனிகள் விற்கும் ஜூஸைக் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது அவரிடம் சொன்னால், அந்த இடத்திலேயே தடுத்துவிடு. அப்படி விற்கும் நோனிப் பழ ஜூஸில் பொட்டாசியம் உண்டு, சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது இதயத்தையே பாதிக்கும் அளவுக்குப் போகலாம். உறவு, தாட்சண்யம் எதையும் இந்த ஒரு விஷயத்தில் பார்க்காதே.

இனி விலை. "எம்.ஆர்.பி. 1,000, உனக்கு 800தான்" என்றால் 200 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். அந்த 1,000 ரூபாயை நிர்ணயித்ததே அதே கம்பெனிதான். கடையில் யாரும் விற்காத பொருளின் எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி சொல்வதில் பொருளே இல்லை. அதே வேலையைச் செய்யும் கடைப் பொருளோடு, அதே அளவுக்கு ஒப்பிட வேண்டும். இதே மாதிரி நேரடி விற்பனைக் கம்பெனியான ஆம்வே இந்தியாவின் 757 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சொத்துகளை 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை முடக்கியபோதும், சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பொருள்களோடு ஒப்பிட்டால் விலை மிக அதிகம் என்பதைத்தான் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக வைத்தது. விலை ஏன் கூடுகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. உனக்கு மேலே இருக்கும் ஏழெட்டுப் பேருக்குப் போகும் கமிஷன் அந்த டப்பா விலைக்குள்ளேதான் இருக்கிறது. கடைப் பொருளின் விலைக்குள்ளும் விளம்பரச் செலவும் கடைக்காரர் லாபமும் இருக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் பொருளுக்குப் பொருள் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது ஐடி. பி.வி. என்று சொல்வதே இரண்டு இருக்கும். ஒன்று (PV, பாயின்ட் வேல்யூ) எந்தப் படியில் இருக்கிறாய் என்று காட்டும் புள்ளி, இன்னொன்று (BV, பிசினஸ் வால்யூம்) கமிஷன் கணக்கிடும் தொகை. கமிஷன் விழுக்காடு நீ கொடுத்த விலைக்குக் கிடையாது, அந்தத் தொகைக்குத்தான். அது பெரும்பாலும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள். "ஆக்டிவ்"ஆக இருக்க மாதம் 3,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். அதே தேவைக்குக் கடையில் 1,700 ஆகும், ஆக 1,300 கூடுதல். கமிஷன் கணக்கிடும் பி.வி. (BV) 2,000, முதல் படி 6 விழுக்காடு என்றால் உனக்குத் திரும்பி வருவது 120. மாதம் 1,180 கைநஷ்டம், வருடத்துக்கு 14,160.

அதை ஈடுகட்ட டவுன்லைன், அதாவது நீ சேர்த்துவிட்டு உனக்குக் கீழே வாங்கும் ஆட்கள், வேண்டும். பல பிளான்களில் உன் விழுக்காட்டுக்கும் அவர்கள் விழுக்காட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உனக்கு வரும். அது 3 விழுக்காடு என்றால் ஒருவர் வாங்கும் 2,000 பி.வி.யில் உனக்கு 60 ரூபாய். உன் நஷ்டத்தை மூடவே கிட்டத்தட்ட இருபது பேர் மாதம் தவறாமல் வாங்க வேண்டும். படி ஏறினால் விழுக்காடு கூடும்தான், ஆனால் படி ஏற ஆள் கூட வேண்டும். அந்த இருபது பேரும் யார்? உன் சித்தி, உன் பையனின் ஸ்கூல் டீச்சர், எதிர்வீட்டு அக்கா. நீ நஷ்டம் இல்லாமல் நிற்கும் அந்த மாதத்தில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே 1,180 ரூபாய் போயிருக்கும். இது என் மனதை உறுத்துகிறது, உன்னையும் உறுத்த வேண்டும் என்றே எழுதுகிறேன்.

"நீ அஞ்சு பேர், அவங்க ஒவ்வொருத்தரும் அஞ்சு பேர்" என்று போர்டில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். வட்டத்தை நிறுத்தாமல் போட்டுப் பார். ஐந்து, இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று போனால் பதினோராவது படியில் மட்டும் 4.88 கோடிப் பேர் வேண்டும், அதுவரை சேர்ந்தவர்கள் மொத்தம் 6.1 கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான். கைக்குழந்தையையும் சேர்த்தாலும் பன்னிரண்டாவது படிக்கு ஆள் இல்லை. வட்டம் எங்கே நின்றாலும், கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

மாதக் கடைசியில் இன்னொரு தொல்லை வரும். மாதக் கணக்கை முடிக்கும் குளோசிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது "இன்னும் 300 பி.வி. போட்டா அடுத்த படி" என்று போன் வரும். தேவையில்லாத பொருள் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான். கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள் சேரும், பிறகு அடக்க விலைக்கும் கீழே ஆன்லைனில் தள்ளிவிடுவார்கள். அப்படி மலிவாக விற்பதை ஆன்லைனில் பார்த்தால் உடனே வாங்கிவிடாதே. பேட்ச் எண், காலாவதித் தேதி, சீல் மூன்றையும் பார், கம்பெனி உத்தரவாதம் அங்கே செல்லுமா என்றும் கேள்.

சட்டம் உன் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2021 டிசம்பர் 28இல் நேரடி விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து விற்பவர் அடையாள அட்டையோடும் முன்கூட்டியே அனுமதி கேட்டும்தான் வர வேண்டும். விலை, திருப்பித் தரும் முறை, விற்பவரின் விவரம் எல்லாம் சொல்ல வேண்டும். ஆள் சேர்ப்பதற்கே காசு என்றால் அது தடை செய்யப்பட்ட பிரமிட் திட்டம், 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்துக்குள் போய்விடும். "ஐடி ஃப்ரீதான், ஆனா முதல்ல 5,000க்குப் பொருள் எடுக்கணும்" என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடு.

எதை வாங்கினாலும் உன் பெயரில் ஜி.எஸ்.டி. பில் கேள். பில் இல்லாமல் புகாரை நிரூபிப்பது கஷ்டம். பொருளில் குறை என்றால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பு. 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நாத்தனாரிடம் இப்படிப் பேசிப் பார்: "அண்ணி, லிக்விட் எனக்குப் பிடிச்சிருக்கு, உங்க ஐடியிலேயே பில் போட்டு மாசம் ஒண்ணு குடுங்க. ஐடி மட்டும் எனக்கு வேண்டாம், எனக்கு ஆளுங்ககிட்ட பேசத் தெரியாது." சில்லறை விற்பனை லாபம் அவருக்குப் போகும், நீ வாடிக்கையாளராக இருந்துவிடுவாய். புரோட்டீன் டப்பாவை மட்டும் சீல் உடைக்காமல் திருப்பிக் கொடு.

இன்னொன்றையும் மெதுவாகக் கேள். போன வருடம் கமிஷன் மொத்தம் எவ்வளவு வந்தது, பொருளுக்கு எவ்வளவு போனது என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். செக் போட்டோவை நம்பாமல் பாஸ்புக்கைப் பார்த்து எழுத வேண்டும். வீட்டில் சீல் உடைக்காத, தேதி தாண்டாத சரக்கு தேங்கியிருந்தால் நியாயமான நிபந்தனையில் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அவருடைய ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிக் கொடு, தேதி நெருங்கும் டப்பாக்களை முதலில் அனுப்பச் சொல். மாட்டிக்கொண்டிருப்பது அவராகவும் இருக்கலாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்த டப்பாவின் பின்பக்கத்தையும் ஃபாரத்தின் இரண்டு பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. சத்து அட்டவணையும் விலையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அக்கா