ஹார்னி கவுண்டி பயணம்: வருகிறவர்கள் படித்துவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹார்னி கவுண்டியிலுள்ள பர்ன்ஸ் ஊரிலிருந்து கிளம்புகிறோம், அங்கேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பங்க் கிடைப்பது அரிது.

முதலில் மாட்டுப் பண்ணைக்காரர் பீட்டர் ஃபிரெஞ்சின் வட்டக் கொட்டகை. 1872-இல் கலிஃபோர்னியாவிலிருந்து சுமார் 1,200 மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓரிகனின் இந்தக் கோடிக்கு வந்தவர் அவர். கொட்டகையின் விட்டம் 100 அடி, உள்ளே எரிமலைக் கல்லால் வட்டச் சுவர், அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஒரு ஓடுபாதை, வெளியே பனி கொட்டும் குளிர்காலத்தில் குதிரைகளை அதில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுப் பழக்கினார்கள். நடுவில் நிற்கும் ஜூனிப்பர் மரத் தூணைத் தலை நிமிர்த்திப் பாருங்கள், கூரை முழுக்க அதிலிருந்துதான் குடைபோல விரிகிறது. எனக்கு அந்த மாவட்டத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

1897-இல் நிலத் தகராறில் ஃபிரெஞ்ச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் குடியேற்றக் கதையை அவரிடமிருந்து தொடங்குவது சரியில்லை. அது பையூட் என்ற பூர்வகுடி மக்களின் மண். 1878-இல் பானக், பையூட் பூர்வகுடிகளுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் நடந்த பானக் போருக்குப் பிறகு, 1879 ஜனவரியில், கடும் பனியில் ராணுவத்தினர் பையூட் மக்கள் 500-க்கும் மேற்பட்டவர்களை இன்றைய வாஷிங்டன் மாநிலத்திலுள்ள யாக்கமா பூர்வகுடி ஒதுக்கிடத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள், அவர்களுக்கென ஒதுக்கியிருந்த நிலம் பிறகு மற்றவர்கள் குடியேறத் திறந்துவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பர்ன்ஸ் பக்கத்தில் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இதையும் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மதிய உணவு ஃபிரெஞ்ச்கிளென் என்ற சிற்றூரில். வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள்.