கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் ஏற்றுகிறீர்கள்: குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைமை அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பொங்கலுக்கு முந்தைய வாரம் மதுரையில் உள்ள தங்கள் விற்பனையாளரிடம் 28,400 ரூபாய் கொடுத்து வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி இதற்கு முன் நான்கு முறை தங்களிடம் புகார் செய்திருக்கிறேன். புகார் எண்களும் பணிச் சீட்டுகளும் தங்கள் கணினியிலேயே இருப்பதால் அவற்றைத் திரும்ப எழுதவில்லை. இந்த மாதம் ஐந்தாவது புகாரைப் பதிவு செய்யக் கூப்பிட்டபோது, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதென்றும், வாயு ஏற்றுவதற்குக் கட்டணம் செலுத்தச் சம்மதமா என்றும் தங்கள் ஊழியர் கேட்டார். பதில் சொல்ல வாய் வராமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சம்மதம் இல்லை. பெட்டியை மாற்றித் தாருங்கள். இயலாதென்றால் நான் கொடுத்த விலையைத் திருப்பித் தாருங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் தோன்றிய ஒரு கோளாறு, ஒருமுறைகூட உண்மையாகச் சரிசெய்யப்படாமலே இருக்கும்போது, நாட்காட்டியில் ஓராண்டு கடந்துவிட்டது என்பதற்காக அது என்னுடைய செலவாக மாறிவிடாது.

முதல் கோளாறு 2024 ஆகஸ்டில் வந்தது. அன்று பெட்டி ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் எங்களுக்கு இவ்வளவு துன்பம் நேர்ந்திருக்காது. விளக்கு எரிந்தது; கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது; மேல்தட்டில் ஓரளவு குளிர்ச்சியும் இருந்தது. என் தாயாருக்கு 71 வயது. காலையிலும் இரவிலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அந்த மருந்துக் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மருந்தின் அளவு மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. ஆனாலும் அவருடைய சர்க்கரை நாளுக்கு நாள் ஏறி ஒரு காலையில் 386 என்று காட்டியது. நான் அவரைச் சந்தேகப்பட்டேன். யாருக்கும் தெரியாமல் இனிப்பு எடுத்துச் சாப்பிடுகிறாரோ என்று நினைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திறந்த டப்பாக்களை அவரே மூடி அடுக்கி வைத்தார்.

மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கதவுத் தட்டில் இருந்த குப்பியைக் கையில் எடுத்தால் வெதுவெதுவென்று இருந்தது. வீரியம் குறைந்திருக்கலாம் என்றார் மருத்துவர். புதிய குப்பி வாங்கிப் போட்ட நான்காம் நாள் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா, நீயும் பயந்துபோய்த்தானே பாத்த" என்றார். அந்த டப்பாக்களைத் திறந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது தங்கள் தொழில்நுட்பப் பணியாளர் வந்து வாயு ஏற்றிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், குளிரை அளக்கும் சென்சார் பழுதாகிக் கீழ்த்தட்டுவரை எல்லாமே உறைந்தது. அன்று குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தபோது அதன் உட்சுவரில் வெண்மணல் ஒட்டியதுபோல் துகள்கள் தெரிந்தன. ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைப் பனி உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது என்பதால் இரண்டு குப்பிகளைக் குப்பையில் போட்டோம். டிசம்பரில் மறுபடியும் குளிர்ச்சி இல்லை, மறுபடியும் வாயு. இவை மூன்றும் உத்தரவாத ஆண்டுக்குள் நடந்தவை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 3 அன்று நான்காவது முறையாக வந்த பணியாளர் நேர்மையானவர், தொழில் தெரிந்தவர். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் குளிரூட்டுவதற்காக இருக்கும் ஐசோபியூட்டேன் வாயு சில பத்துக் கிராம்தான் என்பதையும், அது பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதல்ல, மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது என்பதையும், குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள் என்பதையும் எனக்கு விளக்கியவர் அவர்தான். குழாய்க்குள் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, வெளியே தெரியும் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். எங்கும் குமிழி வரவில்லை. ஆனால் அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. "சார், லீக்கு பாடிக்குள்ள, ஃபோமுக்குள்ள போற குழாய்ல இருக்கு. வீட்ல வச்சு ஒண்ணும் செய்ய முடியாது, கம்பெனிதான் மாத்தித் தரணும்" என்றார். அதைப் பணிச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டேன். தயங்கினார். அப்படி எழுதினால் தன் வேலைக்கே ஆபத்து என்றார். கடைசியில் அந்தச் சீட்டில் பதிவானது இதுதான்: "வாயு ஏற்றப்பட்டது, பெட்டி நன்றாக இயங்குகிறது." அதற்கு 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். ஏற்றிய வாயுவுக்கு மூன்று மாத உத்தரவாதம் என்றீர்கள். ஜூன் 5 அன்று, அந்த மூன்று மாதம் முடிந்த இரண்டாம் நாள், பெட்டி மீண்டும் குளிர்வதை நிறுத்தியது.

அந்தப் பணியாளர்மீது எனக்கு வருத்தமில்லை. உண்மையை எழுதினால் பிழைப்புப் போய்விடும் என்று ஒரு தொழிலாளியை அஞ்ச வைத்திருக்கும் முறைமீதுதான் கோபம். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததற்கு அடையாளமாக என் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அவருக்குக் கூலி நிற்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். சற்று நேரத்தில் "தங்கள் புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. ஒரே பழுது மூன்று முறை திரும்பி வந்தது தங்கள் பதிவேட்டில் மூன்று திருப்தியான வாடிக்கையாளர்களாக நிற்கிறது. பெட்டியின் கதவில் கையகலத்துக்கு ஒட்டியிருக்கும் "10 ஆண்டு உத்தரவாதம்" கம்ப்ரசருக்கு மட்டும் என்பதையும், குழாய்க்கும் வாயுவுக்கும் சென்சாருக்கும் அது பொருந்தாது என்பதையும் அட்டையின் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். கடையில் பெட்டி வாங்குபவர் கதவைப் பார்த்துத்தான் வாங்குகிறார். வாயு குறைந்த நிலையில் ஓய்வின்றி ஓடும் கம்ப்ரசரும் சூடேறிக் கெடும் என்பது தங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது கெட்டபின் மாற்றித் தருவதற்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனம், அதைக் கெடுக்கும் கசிவை மட்டும் ஏன் பார்க்க மறுக்கிறது?

இப்போது இன்சுலின் குப்பியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈர மணலுக்கு நடுவே புதைத்த மண்பானைக்குள் வைத்திருக்கிறோம். புதுக் குப்பிகள் மாடிவீட்டு அக்காவின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. அவர் முகம் கோணாமல் வாங்கி வைத்தார். ஆனால் அவர்கள் ஊருக்குப் போகும்போது சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. தன் மருந்துக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது என் தாயாருக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும், ஐந்து லட்ச ரூபாய்வரை விலையுள்ள பொருளுக்கு அதற்குக் கட்டணமில்லை என்பதும், பொருளை மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிட மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் தங்கள் சட்டப் பிரிவு அறிந்ததே. பணிச் சீட்டுகள் நான்கையும், மருந்துக் கடை ரசீதுகளையும், தாயாரின் சர்க்கரைக் குறிப்பேட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆயினும் அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. வேலைக்குப் போகிறவன் நான். விசாரணைக்கு விடுப்பு எடுக்கும் நாட்களைத் தாயாருடன் மருத்துவமனைக்குப் போகப் பயன்படுத்தவே விரும்புகிறேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உட்குழாயில் கசிவு இருக்கிறதா என்று தங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பிச் சோதியுங்கள். கண்டதைக் கண்டபடி பணிச் சீட்டில் எழுதி அவருடைய கையெழுத்துடன் எனக்கு ஒரு படி தாருங்கள். பெட்டியை மாற்றித் தாருங்கள் அல்லது 28,400 ரூபாயையும், பயனில்லாமல் வாங்கிய 3,200 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்னொரு முறை வாயு ஏற்றுவதற்காக மட்டும் தயவுசெய்து யாரையும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை
2025 ஜூன்