பெரிய எழுத்தும் ஓர் ஒற்றும்

சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. உங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பச் சிறப்பிதழில் இணையதளம் என்று எழுதுவதா, இணையத்தளம் என்றா என்று நீ கேட்ட கேள்வி என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடக்கிறது. பதில் எழுதாதது தவறுதான். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் ஓர் எழுத்தைப் பற்றியது. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

சென்ற மாதம் நெட்வொர்க் பொறியியல் பற்றிய ஆங்கில நூல் ஒன்று பிரதி திருத்த என்னிடம் வந்தது. எழுதியவர் அமெரிக்கர், எழுபதைத் தாண்டியவர். எதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பதிப்பகத்தின் ஸ்டைல் ஷீட் தெளிவாக இருந்தது: 'இன்டர்நெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பெரிய ஐ (கேப்பிடல்) வேண்டாம், சிறிய எழுத்தே போதும். நமக்கு இது புதிதா? 2016 ஜூன் 1 முதல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் சிறிய எழுத்துக்கு மாறியபோது அலுவலகம் முழுவதற்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தவள் நீதானே! நானும் மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு நொடியில் 312 இடங்கள் மாறின.

அச்சுக்கு முந்தைய படியான மெய்ப்பு நூலாசிரியரிடமிருந்து திரும்பி வந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் அவர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: இந்த வாக்கியத்தைப் படித்தீர்களா?

படிக்கவில்லை, கோமதி. பார்த்தேன், மாற்றினேன். படிக்கவில்லை.

அந்த வாக்கியம் சொல்வது இதுதான். தனித்தனி நெட்வொர்க்குகளைச் சேர்த்துக் கட்டிய எதுவும் சிறிய எழுத்து இன்டர்நெட். உலகெங்கும் பரந்து கிடக்கிற, நாம் எல்லோரும் பயன்படுத்துகிற அந்த ஒன்று மட்டும் பெரிய எழுத்து இன்டர்நெட். ஒரு தொழிற்சாலை தன் நெட்வொர்க்குகளைத் தமக்குள் இணைத்து, வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வைத்துக்கொண்டால் அது முதல் வகை. இந்த வேறுபாட்டின் மேல்தான் அவர் அத்தியாயத்தையே கட்டியிருந்தார். என் கட்டளைக்குப் பிறகு, இன்டர்நெட்டுகளில் ஒன்று இன்டர்நெட் என்று அது நின்றது. நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இருந்திருந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்திருப்பார். அந்தப் பார்வை உனக்குத் தெரியும்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1974 டிசம்பரில் விண்ட் செர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் மூவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 675 என்ற தொழில்நுட்ப ஆவணத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைப்பதைக் குறிக்கும் நீளமான சொல்லின் குறுக்கம் அது. ஊர் என்பது போல ஒரு வகையின் பெயர். அந்த வகையில் ஒன்று மட்டும் உலகம் முழுவதும் வளர்ந்தபோது அதைத் தனியே அடையாளம் காட்டத்தான் பெரிய எழுத்து உதவியது.

மூன்று இரவு உட்கார்ந்து 312 இடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினோரு இடங்களில் எது என்று எனக்குப் புரியவில்லை, அவரிடமே கேட்டேன். அவற்றில் இரண்டில் தன் வாக்கியமே தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டு மாற்றி எழுதித் தந்தார். அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

உடனே நீ, இவள் பழைய கட்சிக்குப் போய்விட்டாள் என்று நினைப்பாய். இல்லை. செய்தித்தாள் வாசகருக்கு இன்டர்நெட் ஒன்றே ஒன்றுதான். அங்கே சிறிய எழுத்து சரி. இ-மெயிலின் நடுவில் இருந்த கோடு விழுந்ததும் சரி. 2011 மார்ச்சில் அசோசியேட்டட் பிரஸ் அந்தக் கோட்டை எடுத்தபோது கல்கத்தாவையும் கொல்கத்தா ஆக்கியதே, அன்று நீ இரண்டையும் சேர்த்துக் கொண்டாடியது எனக்கு மறக்கவில்லை. நாம் பத்து வருடம் பிழைத்த, அச்சுப் பக்கம் கோக்கும் டெக் மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் கனூத்தும் இதைத்தான் சொன்னார்: புதுச் சொல் கோட்டோடு வரும், பழகியதும் கோடு மறையும். சாஃப்ட்வேரைக்கூட முன்பு நடுவில் கோடு போட்டு எழுதினார்களாம். 2007இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஷார்ட்டர் அகராதி ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து கோட்டை எடுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்கிற எவரும் தடுமாறப் போவதில்லை. ஆனால் இந்த நூலில் அந்தப் பெரிய ஐ ஒரு பொருளைத் தாங்கி நின்றது. அதைத் தட்டியதும் கூரை இறங்கிவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் பெரிய எழுத்தும் இல்லை, சொல்லுக்கு நடுவே கோடு போடும் பழக்கமும் குறைவு. அந்த வேலையைப் புணர்ச்சி செய்கிறது. மின், அஞ்சல் இரண்டும் சேரும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற நன்னூல் விதி தானாக வந்து மின்னஞ்சல் ஆக்கிவிட்டது. எனக்கு அதில் எப்போதும் ஒரு பெருமை உண்டு. அதே இலக்கணப்படி நிலம், பரப்பு சேர்ந்தால் நிலப்பரப்பு. இணையம், தளம் சேர்ந்தால் இணையத்தளம். இலங்கைத் தமிழ் எழுத்தில் அந்தத் த் நிறையவே உயிரோடு இருக்கிறது. நான் அதன் பக்கம். சொல்லிப் பார், ஒற்று வாயில் கேட்கிறது. கைப்பை, கைக்குட்டை என்று எழுதுகிற நாம் கைபேசியில் மட்டும் ப்-ஐ விடுவதும் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் தொலைக்காட்சிக்கு க் கொடுத்து, தொலைபேசிக்கு ப் கொடுக்காமலே இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம். அதைத் தொடாதே. உங்கள் பத்திரிகை ஆசிரியர் அதையும் திருத்தச் சொன்னால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடு.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஒற்று அல்ல, செயலி. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்பும் செயலி; கணினிக்குள் இருக்கும் பிராசஸரும் செயலி. அந்தச் செயலியில் இந்தச் செயலி ஓடாது என்று ஒரு கட்டுரையில் வந்தால் வாசகர் என்ன செய்வார்? பெரிய எழுத்து வந்து காப்பாற்றப் போவதில்லை. பிராசஸரை நுண்செயலி என்றோ மையச் செயலி என்றோ அடைமொழி சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். எந்த இடத்தில் எது என்பதைக் கட்டுரையைப் படித்தால்தான் தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். இணையத்தளம் என்று முடிவு செய்தாலும் மொத்தமாக மாற்றாதே. யாராவது தம் தளத்தின் பெயரிலேயே த் இல்லாமல் எழுதியிருப்பார்கள். வாசகர் கடிதத்தில் அவர் எழுதியபடியே விட வேண்டிய இடமும் இருக்கும். தொழில்நுட்பச் சிறப்பிதழின் மெய்ப்பை எனக்கும் ஒரு படி அனுப்பு. செயலி வருகிற இடங்களை மட்டும் நான் படித்து, வெள்ளிக்கிழமைக்குள் குறித்து அனுப்பிவிடுகிறேன். தாளில் அனுப்பு, திரையில் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். 

அன்புடன்,
வசந்தா