கை வைக்காத தொகுப்பாசிரியர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறது. முதலில் படித்தது உன் கடிதத்தைத்தான்.

திகில் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு உன்னைத் தொகுப்பாசிரியராக இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், ஒத்துக்கொண்டால் சொந்த எழுத்து நின்றுபோகுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கார்ல் எட்வர்ட் வாக்னரின் நினைப்புதான். அவருடைய கதைகளை நீ ஒன்றிரண்டு படித்திருப்பாய். ஆனால் அவர் எப்படி வாழ்ந்தார், மற்றவர்களின் எழுத்துக்காக என்னவெல்லாம் செய்தார் என்பது உனக்கு இப்போது தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது.

1945இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில்லில் பிறந்தவர். வரலாறு படித்தார், அப்புறம் வட கரோலினாவில் சேப்பல் ஹில்லுக்குப் போய் மருத்துவம் படித்து மனநல மருத்துவரானார். அந்தத் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை, கொஞ்ச காலத்திலேயே விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்துவிட்டார். ஆனாலும் மனநல மருத்துவமனையும் டாக்டர்களும் பின்னால் அவர் கதைகளுக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் கதைகளில் வருகிற பயம் வேறு மாதிரியானது. பேய் வருவதற்கு முன்பே, இந்த இடத்தில் யார் யாரைக் காப்பாற்றப் போகிறார்கள் என்ற பயம் வந்துவிடும்.

முதல் நாவல் 1970இல் வந்தது. கேன் என்ற சாகாவரம் பெற்ற ஒரு கொடியவனின் கதை. செந்நிற முடி, இடது கைப் பழக்கம், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் சாயல். அதை வெளியிட்ட சின்னப் பதிப்பகம் அவரது வாக்கியங்களைக் கண்டபடி வெட்டி மாற்றி அச்சடித்துவிட்டது. எட்டு வருடம் கழித்து, 1978இல்தான் அந்த நாவல் அவர் நினைத்தபடி மறுபடி வெளிவந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, என் கதை ஒன்றின் கடைசிப் பத்தியைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டார்களே, இதழைப் பிரித்துப் பார்த்த அன்று ராத்திரி உன்னிடம் வந்து எவ்வளவு நேரம் புலம்பினேன்? ஒரு பத்திக்கே அப்படி என்றால் ஒரு முழு நாவலுக்கு மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்!

அப்படி அடிபட்டவர்களில் சிலர் தாங்கள் ஆசிரியரானதும் அதையே மற்றவர்களுக்குச் செய்வார்கள், பார்த்திருக்கிறோம். வாக்னர் நேர் எதிராகப் போனார். கோனான் என்ற வாள்வீரனின் கதைகளை எழுதிய ராபர்ட் ஈ. ஹோவார்ட் 1936இலேயே இறந்துபோனவர். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கதைகளைத் திருத்தியும் கூட்டியும் வெளியிட்டு, அதுதான் கோனான் என்றே வாசகர்கள் பழகிவிட்டிருந்தார்கள். வாக்னர் பழைய பத்திரிகைகளில் முதலில் அச்சான வடிவத்துக்குத் திரும்பிப் போய், 1977இல் மூன்று புத்தகங்களாகக் கொண்டுவந்தார். அவரே பின்னால் ஒரு கோனான் நாவல் எழுதியவர்தான், ஆனால் அது அவர் பெயரில் வந்த தனிப் புத்தகம். ஹோவார்டின் வரிகளில் தன் கையை அவர் கலக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

இதற்கு முன்பே இன்னொரு வேலையும் செய்திருந்தார். 1971இல் ஆகஸ்ட் டெர்லெத் இறந்ததும், திகில் கதைகளைக் கெட்டி அட்டையில் போட்டுவந்த அவருடைய ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் நின்றுபோகுமோ என்று பலருக்கும் கவலை. வாக்னரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து கார்கோசா என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கினார்கள். மொத்தம் நாலே புத்தகங்கள். மூன்று பேரின் கதைகள், மூன்று பேருமே பழைய மலிவுப் பத்திரிகைகளில் எழுதிக் குவித்து, மறக்கப்பட்டுக்கொண்டிருந்த மூத்தவர்கள். 1973இல் வந்த முதல் புத்தகம் மேன்லி வேட் வெல்மனுடையது, அப்போது அவருக்கு எழுபது வயது. அது உலக ஃபேண்டஸி விருது வாங்கியது. அந்த மூவரில் இன்னொருவரான ஹியூ கேவ் பல வருடங்களாகப் பேய்க்கதைப் பக்கமே வராமல் இருந்தவர், 1977இல் அவர் தொகுப்பு வந்ததும் மறுபடி அந்தப் பக்கம் எழுத ஆரம்பித்தார். ஒரு தொகுப்பு ஒரு எழுத்தாளனை எழுத்துக்குத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறது, யோசித்துப் பார்!

சொந்த எழுத்து என்ன ஆனது என்றுதான் நீ கேட்பாய். கார்கோசா புத்தகங்களில் சிலவற்றுக்குப் படம் வரைந்தவர் லீ பிரவுன் காய் என்ற ஓவியர். 1938இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு காட்டுப் பக்கம் போனபோது, குச்சிகளை வைத்து யாரோ கட்டிப்போட்டிருந்த விசித்திரமான உருவங்களைப் பார்த்ததாக அவர் சொன்னார். அதிலிருந்துதான் 1974இல் வாக்னரின் ‘ஸ்டிக்ஸ்’ என்ற கதை பிறந்தது. காட்டில் குச்சி உருவங்களைப் பார்க்கிற ஒரு ஓவியன், பல வருடம் கழித்துத் திகில் புத்தகத்துக்குப் படம் வரையும்போது அவற்றை வரைந்துவிடுகிறான், மீதியை நீயே படி, விளக்கை அணைக்காமல் படி. பிரிட்டிஷ் ஃபேண்டஸி விருது பெற்ற கதை அது. பழைய எழுத்தாளர்களைத் தேடி அலையாமல் இருந்திருந்தால் அந்தக் கதை அவரிடம் வந்தே இருக்காது.

1980இலிருந்து வருடாவருடம் சிறந்த திகில் கதைகளைத் தொகுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏற்கெனவே ஏழு தொகுதிகள் வந்திருந்த வரிசை அது, எட்டாவதிலிருந்து பதினைந்து தொகுதிகள் இவர் தொகுத்தவை. பெரிய பெயர்களோடு நிறுத்தாமல், யாரும் கேள்விப்படாத சிற்றிதழ்களையெல்லாம் வாங்கி வரி விடாமல் படித்து, பெயர் தெரியாதவர்களின் கதைகளையும் எடுத்துப் போட்டார்.

ஒன்றை மறைக்க மாட்டேன். கடைசி வருடங்களில் அவர் சொந்தமாக எழுதியது குறைந்துதான் போனது. அதற்குக் காரணம் தொகுப்பு வேலை என்று நான் நம்பவில்லை, குடி அவரைத் தின்றுவிட்டது. 1994 அக்டோபரில் இறந்தபோது வயது 48. இருபத்திரண்டாம் தொகுதியோடு அந்த வரிசையும் நின்றுவிட்டது. எழுத வேண்டியது எவ்வளவோ மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே நீ ஒத்துக்கொள். வருகிற கதைகளில் பிழை திருத்து, சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேள், கேட்காமல் ஒரு வரியைக்கூட எடுக்காதே. பாதியில் நிற்கிற உன் கிணற்றுக் கதையையும் மேசை மேலேயே வைத்திரு. வந்திருக்கிற கதைகளில் பெயர் தெரியாத புதியவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கடிதத்தில் எழுது. பிழை திருத்தக் கூட ஒரு ஆள் வேண்டும் என்றால் பிரதிகளை எனக்கு அனுப்பு. கண்தான் சரியாகிவிட்டதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்