ஒரே கம்ப்யூட்டர்தான், ரவுட்டர் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கப் போகிறோம், இருப்பது ஒரே கம்ப்யூட்டர், ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் ரவுட்டருக்கு வேறு எதற்குச் செலவு என்று கேட்டிருந்தாய். வாங்கிவிடு, செலவைப் பார்க்காதே.

இங்கே எனக்கு மோடம், அதாவது நிறுவனத்தின் இணைய இணைப்பை வீட்டுக்குள் கொண்டுவரும் பெட்டி, தபாலில்தான் வந்தது, மாட்டித்தர ஆள் வரவில்லை. மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு கேபிள், அவ்வளவுதான் இணைப்பு. கூடத் தங்கியிருக்கும் இருவரும் இரவு வேலை முடிந்து வந்து வீட்டோடு பேச என் கம்ப்யூட்டர் காலியாகும்வரை காத்திருப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் ரவுட்டர் வாங்கினேன்.

இணைய நிறுவனம் நமக்குப் பொதுவாகத் தருவது ஒரே ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண். அதை ரவுட்டர் தான் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்குகிற ஓர் உள்முகவரியைக் கொடுத்துவிடும், வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது ஒரே முகவரிதான். ஒரே கம்ப்யூட்டருக்கும் இதில் பெரிய லாபம் உண்டு. மோடத்தில் நேராக மாட்டினால் கம்ப்யூட்டர் இணையத்தின் முன்னால் தனியாக நிற்கும், நடுவில் ரவுட்டர் இருந்தால் நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் அதோடு நின்றுவிடும். மின்னஞ்சலில் வரும் வைரஸை அது தடுக்காது, அது வேறு விஷயம்.

உனக்கு வரும் மோடத்திலேயே வைஃபை இருந்தால் அதுவே ரவுட்டர்தான், இன்னொன்று வேண்டாம். இல்லையென்றால் மோடத்துக் கேபிளை ரவுட்டரில் தனி நிறத்தில் இருக்கும் துளையில் மாட்டு, கம்ப்யூட்டரை மற்ற துளைகளில் ஒன்றில். மாட்டியும் இணையம் வரவில்லையென்றால் பதறாதே. சில கேபிள் மோடங்கள் முதலில் மாட்டிய கருவியின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, நினைவில் வைத்துக்கொண்டு வேறு எதையும் சேர்க்காது. மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, முதலில் மோடம், அதன் விளக்குகள் நிலையாக எரிந்தபின் ரவுட்டர் என்ற வரிசையில் போடு. எனக்கு இங்கே மஞ்சளாக மின்னிக்கொண்டே இருந்த விளக்கு அப்படிச் செய்ததும்தான் பச்சையானது. அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரில் 'மேக் குளோன்' என்று ஒன்று இருக்கும், கம்ப்யூட்டரின் மேக் முகவரியையே ரவுட்டரும் காட்டும்படி செய்துவிடலாம். உன் நிறுவனம் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தால் அவற்றை இனிமேல் கம்ப்யூட்டரில் போடாதே, ரவுட்டரின் அமைப்புகளில் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்ற இடத்தில் போடவேண்டும்.

ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போக பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடி, சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். போனதும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்று, இதைத் தள்ளிப்போடாதே. வைஃபைக்குப் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தேர்ந்தெடு, நீளமான கடவுச்சொல் வை. அப்புறம், ரவுட்டரை அலமாரிக்குள் வைக்காதே, உயரத்தில் திறந்த இடத்தில் வை.

இப்போது இங்கே மூவரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டோடு பேசுகிறோம். நீ மாட்டும் நாளன்று எங்காவது நின்றுவிட்டால் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று படம் எடுத்து அனுப்பு, வேலை முடிந்து வந்ததும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்