மொட்டை மாடி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை உங்கள் ரியல் எஸ்டேட் இணைப்பில், "இன்றைய நடுத்தர வர்க்கம் வீடு தேடவில்லை, லைஃப்ஸ்டைல் தேடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்திய நானும் அந்த வர்க்கம்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

மாம்பலத்தில் ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய் என்று ஒண்டுக் குடித்தனம் இருந்துவிட்டு, 2013இல் மகன் பெயரில் கடன் வாங்கி ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். விளம்பரத்தில் (உங்கள் பத்திரிகையில்தான், கத்தரித்து வைத்திருக்கிறேன்) 1,050 சதுர அடி. குடிவந்த மறுவாரம் தையல் டேப்பை வைத்து அளந்தேன். 735. மீதி லிஃப்டிலும் படிக்கட்டிலும் ஜிம்மிலும் இருக்கிறதாம். சூப்பர் பில்ட்-அப்! ஜிம்முக்கு நான் போனது ஒரே தடவை, பேரனைத் தேடி. பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதாமாதம் 1,050க்குத்தான்.

2019 கோடை உங்களுக்குத் தெரியாததல்ல. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, லாரித் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிக்கொண்டிருந்தோம். காலி நீச்சல் குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த மாதமும் குளத்துக்குக் கட்டினேன்.

இப்போது மொட்டை மாடி. செயற்கைப் புல், பிரம்பு நாற்காலி, பெயர் 'ஸ்கை லவுஞ்ச்'. இந்தச் சித்திரையில் விடியற்காலை கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்து, நாலு முனையிலும் செங்கல் வைத்து வடாம் பிழிந்தேன். எட்டு மணிக்கு அசோசியேஷன் பிள்ளை வந்தான். "ஆன்ட்டி, ஒரு பார்ட்டி ஃபிளாட் பார்க்க வர்றாங்க. இதைப் பார்த்தா ரேட் விழுந்துடும்." மரியாதையாகத்தான் சொன்னான். ஈர வேட்டியை நானும் வேலைக்காரப் பெண்ணும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து லிஃப்டில் இறக்கினோம். பாதி ஒட்டிக்கொண்டது. அந்த மாடிக்கும் சேர்த்துத்தானே ஐயா என்னிடம் சதுர அடிக் கணக்கில் காசு வாங்கினார்கள்?

தேவை மாறிவிட்டது என்கிறீர்கள். மாறியது வாஸ்தவம். கொரோனாவுக்குப் பிறகு ஆபீஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. என் மருமகளுக்கு வேண்டியது கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு மீட்டிங் பேசுகிறாள். நான் குக்கரில் விசில் வருமுன் அடுப்பை அணைக்கிறேன். அவளுக்கு லவுஞ்ச் எதற்கு?

கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டமே சொல்லியிருக்கிறது. சுவருக்குள் நாம் புழங்கும் இடம், பால்கனிகூடச் சேராது. விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில், விலை போட்ட அதே பருமன் எழுத்தில், அந்தக் கார்பெட் ஏரியா அளவையும் போடச் சொல்லுங்கள். போடாத விளம்பரத்தை வாங்காதீர்கள். முழுப்பக்க வண்ண விளம்பரம் தருகிறவர்களிடம் இதைச் சொல்வது சிரமம் என்பது எனக்கும் புரிகிறது.

மிஞ்சிய வடாம் ஹாலில் ஃபேன் காற்றில் காய்ந்தது. பொரித்தால் பூக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியை,
நாவலூர்